தருமபுரி, கிருஷ்ணகிரி வேலைவாய்ப்பு முகாம்: முதல்முறை போகிறவர்களுக்கு

முகாமுக்குப் போய், கண்ணில் பட்ட ஸ்டாலில் எல்லாம் ஒரு பயோடேட்டாவை நீட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். அப்புறம் "ஒருத்தனும் கூப்பிடலை" என்று புலம்பல். இத்தனை கம்பெனி ஹெச்.ஆர்.களை ஒரே நாளில் நேருக்கு நேர் கேள்வி கேட்க வேறு எங்கே முடியும்? அதனால் கேட்கத் தயாராகப் போங்கள்.

1. பதிவு

இரண்டு மாவட்டங்களிலும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் முகாம் நடத்துகிறது. அந்த அலுவலகத்திலேயே நடக்கும் சின்ன முகாம் ஒன்று, கல்லூரி வளாகத்தில் நடக்கும் பெரிய முகாம் இன்னொன்று. சின்னதில் நின்று நிதானமாகப் பேசலாம். முதல்முறை என்றால் நான் அதைத்தான் சொல்வேன். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள், காசு கிடையாது. "பிரைவேட்ல சேர்ந்தா எம்ப்ளாய்மென்ட் பதிவு போயிடுமே" என்று வீட்டில் பயப்படுவார்கள். போகாது.

2. யாரைப் பார்க்கப் போகிறோம்?

ஓசூரில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், போச்சம்பள்ளி பக்கம் ஓலா என்று பெரிய பெயர்கள் நமக்கு மனப்பாடம். அங்கேதான் வரிசையும் நீளும். உதிரிபாகம் செய்து தரும் சிறு கம்பெனிகளின் ஸ்டாலையும் விடாதீர்கள். மிஷினில் கை பழக அவை நல்ல இடம்.

3. பயோடேட்டா

ஒரே பக்கம் போதும். "கடின உழைப்பாளி, நேர்மையானவர்" என்பதை ஹெச்.ஆர். படிக்கவே மாட்டார். இப்படி எழுதுங்கள்: "ஐடிஐ டர்னர், 2024. லேத்தில் த்ரெட் கட்டிங் தெரியும். வெர்னியர், மைக்ரோமீட்டரில் அளப்பேன். நைட் ஷிப்ட் சம்மதம்." பி.காம். என்றால் டேலியில் என்னென்ன செய்யத் தெரியும் என்று எழுதலாம். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள், மார்க் ஷீட்டில் எப்படியும் தெரிந்துவிடும்.

பத்து ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதார் நகல், இரண்டு பேனா. ஒரிஜினல் சான்றிதழைக் காட்டலாம். யாரிடமும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. டிரெய்னிங் கட்டணம், டெபாசிட் என்று யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

4. ஸ்டாலில்

காலையில் சீக்கிரம் போனால் அவர்களும் களைத்திருக்க மாட்டார்கள். "உன்னைப் பத்திச் சொல்லுப்பா" என்றால் ஊர், அப்பா தொழில் என்று ஆரம்பிக்காமல் படிப்பு, தெரிந்த வேலை, எப்போது சேரலாம் என்ற மூன்றையும் அரை நிமிடத்தில் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழிலேயே பேசலாம், ஷாப் ஃப்ளோர் (மிஷின் ஓடும் உற்பத்திக் கூடம்) வேலைக்கு அது குறையே இல்லை.

இனி உங்கள் முறை. முதல் கேள்வி: "சார், இது கம்பெனி ரோலா, காண்ட்ராக்டா, அப்ரண்டிஸா?" மூன்றும் வேறு வேறு. கம்பெனி ரோல் என்றால் கம்பெனியே நேரடியாக எடுப்பது. காண்ட்ராக்ட் என்றால் சம்பளம் போடுவது வேறு ஆள். அப்ரண்டிஸ் சட்டப்படி எடுத்தால் கிடைப்பது உதவித்தொகை, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கிடையாது.

அடுத்து, "கையில் எவ்வளவு வரும்?" இதைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது. ஒரு கணக்கு பாருங்கள். மொத்தச் சம்பளம் 16,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து 15,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 15,000-க்கு உங்கள் பங்கு பிஎஃப் 12 சதவீதம், 1,800. ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 120. கைக்கு வருவது 14,080. கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800, ஈஎஸ்ஐ 520 இரண்டையும் சேர்த்து அதே வேலையை 18,320 ரூபாய் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று சொல்லலாம். பொய் இல்லைதான், ஆனால் ஓசூரில் வாடகைக்கு ரூம் எடுக்கப் போகிறவருக்கு அந்த நாலாயிரத்துச் சொச்சம் பெரிய வித்தியாசம். கேண்டீன், பஸ் பிடித்தம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

பஸ் என்றதும் ஞாபகம்: "கம்பெனி பஸ் இருக்கு" என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக வருமா? இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் எங்கே இறக்கிவிடுவார்கள்? பெண் பிள்ளைகள் ஹாஸ்டல் எங்கே, யார் பொறுப்பு என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஸ்டாலை விட்டு நகர்ந்ததும் கம்பெனி பெயர், பேசியவர் பெயர், சொன்ன சம்பளம் மூன்றையும் நோட்டில் எழுதிவிடுங்கள். ஐந்தாவது ஸ்டாலுக்குப் பிறகு எல்லாம் குழம்பிவிடும்.

5. மறுநாள்

நம்பர் கொடுத்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "வணக்கம் சார், நேற்று முகாமில் டர்னர் வேலைக்காகப் பேசினேன். பயோடேட்டா இணைத்துள்ளேன்." பெயரும் ஊரும் சேர்த்து அவ்வளவுதான். ஒரு வாரம் பதில் இல்லை என்றால் ஒருமுறை போன் பண்ணலாம். தெரியாத நம்பரில் இருந்து வரும் அழைப்பையும் அந்த வாரம் எடுத்துவிடுங்கள், ஹெச்.ஆர். பெரும்பாலும் இரண்டாம் தடவை கூப்பிட மாட்டார்.