மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டிலிருந்தே சரிபார்ப்பது எப்படி?

என் சித்தப்பா மனையைப் பார்த்த அன்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். தன் சார்பில் விற்க இன்னொருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்த நில உரிமையாளர் இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை. தமிழ்நாட்டில் முதல்முறை மனை வாங்குபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். 2016-ம் வருடச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு (சுமார் 12 சென்ட்) மேற்பட்ட இடத்தை மனைகளாகப் பிரித்து விற்க ரெரா பதிவு வேண்டும். அந்த மனைகளை விற்றுத் தரும் புரோக்கருக்கும் தனிப் பதிவு தேவை. இரண்டு எண்களையும் வாங்கி, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். நோட்டீஸில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இணையதளத்தில் உள்ள சர்வே எண்ணும் விற்பவரின் பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

2. வில்லங்கம், அதாவது அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களைப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு கொடுத்தால் இலவசமாகவே பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: உட்பிரிவு செய்யும் முன் இருந்த பழைய எண்ணையும் போட்டுத் தேட வேண்டும். இல்லாவிட்டால் பழைய விற்பனையோ அடமானமோ கண்ணில் படாமல் போகலாம். பதிவான பத்திரங்கள் மட்டுமே வில்லங்கத்தில் வரும். பதியாத உயிலும் வாரிசுச் சண்டையும் வராது. அதனால் தாய்ப்பத்திரத்தை (மனைக்கு மூலமான பழைய பத்திரம்) ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள், அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம்.

3. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று வருவாய்த்துறை இணையதளத்தில் பாருங்கள். புறம்போக்கு என்று இருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

4. பவர் வைத்து விற்கிறார்களா? எழுதிக் கொடுத்தவரை நேரில் பாருங்கள். பொதுவாக அவர் இறந்துவிட்டால் பவரும் செல்லாது. "அவர் வெளியூரில் இருக்கிறார்" என்றால் வீடியோ காலிலாவது பேசுங்கள். பவர் ரத்தாகியிருக்கிறதா என்பதை வில்லங்கத்திலும் பாருங்கள்.

5. இதெல்லாம் சரி என்றால் அட்வான்ஸ் கொடுக்கலாம். ரெரா பதிவு உள்ள திட்டத்தில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். பணத்தை வங்கி வழியாக, விற்பவர் பெயரில் உள்ள கணக்குக்கே அனுப்புங்கள். புரோக்கர் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.