பிரேக் ஹோஸ் வாங்கறதுக்கு முன்னாடி சக்கரத்தைத் தொங்க விட்டு அளங்க

கார்ல பெரிய கேலிப்பரோட (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கிற பாகம்) ஸ்டீல் ப்ரெய்டட் ஹோஸும் (மேல எஃகுக் கம்பி பின்னின பிரேக் குழாய்) போடப் போறீங்கன்னா பழைய ஹோஸைக் கழட்டி மேசைல வச்சு அளக்காதீங்க, சிங்கப்பூர்ல காக்கி புக்கிட்டோ ஊபியோ ஒர்க்‌ஷாப்ல காரை லிஃப்ட்ல ஏத்தி சக்கரம் தொங்கறப்பவே ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பச் சொல்லி, புது கேலிப்பர் உக்கார்ற இடம் வரைக்கும் ஒரு நூலை வளைச்சு அளந்துட்டு அப்புறம் ஆர்டர் பண்ணுங்க.

ஹோஸ் ரொம்ப இழுபடறது அந்த நிலைமைலதான், கொஞ்சம் குட்டையா இருந்தாலும் முனை கழண்டு வர்ற மாதிரி இழுக்கும், ரொம்ப நீளம்னா வண்டி இறங்கினதும் டயர்ல உரசும். அப்படியே பான்ஜோ போல்ட் (ஹோஸைக் கேலிப்பரோட சேர்க்கிற, உள்ள துளை இருக்கிற போல்ட்) மரையையும் பாத்துக்குங்க, பெரும்பாலும் எம்10தான் (10 மி.மீ. விட்டம்), ஆனா மரை இடைவெளி 1.0, 1.25 மி.மீ.னு மாறும், கண்ணுக்குத் தெரியாது, தப்பா முறுக்கினா கேலிப்பரே காலி. மேல பிளாஸ்டிக் உறை போட்டதா வாங்குங்க, வெறும் கம்பிப் பின்னல் பக்கத்துல படறதை எல்லாம் அரம் மாதிரி தேய்ச்சிடும். பான்ஜோ போல்ட்டுக்குப் போடற காப்பர் வாஷர் எப்பவும் புதுசுதான்.

கேலிப்பரும் சஸ்பென்ஷனும் கம்பெனில வந்தபடியே இருந்தா இந்த அளவெல்லாம் வேணாம், உங்க மாடல், வருஷத்துக்குன்னே வர்ற ரெடிமேட் செட் போதும். பெடல் மெத்துனு இருக்குங்கறதுக்காக மட்டும் ஹோஸ் மாத்த நினைக்கிறவங்க முதல்ல பிரேக் ஃப்ளூயிட் மாத்தி உள்ள மாட்டின காத்தை எடுத்துப் பாருங்க, அதுக்குச் செலவு கம்மி, பாதி பேருக்கு அதோடயே சரியாயிடும்னு நினைக்கிறேன்.