பேச்சில் முளைக்கும் சொற்களுக்குப் பொருள் எழுதும் முறை

இராமநாதபுரம் கடற்கரையில் இளைஞர்கள் தங்களுக்குள் புழங்கும் சொற்களைத் தொகுக்க விரும்புவோர், தொழிற்சொல்லையும் கேலிக்காகப் பிறந்த சொல்லையும் முதலில் பிரித்தறிய வேண்டும். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வழங்கும் ‘வாடை’, ‘கச்சான்’, ‘கொண்டல்’ என்பவை காற்றின் பெயர்கள். ‘சம்மாட்டி’ என்பவர் படகின் உரிமையாளர். இவற்றை யாரும் விளையாட்டாகப் புனையவில்லை. இத்தகைய சொல் ஒன்று தன் தொழிலை விட்டு வெளியேறி, வேறு பொருளில் சிரிப்பை வரவழைக்கும்போதுதான் தொகுப்பவருக்கு வேலை தொடங்குகிறது.

சொல்லை உருவாக்கும் வழிகள் பழையவை. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்று வழங்குவதைக் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாக நன்னூல் உரைகள் காட்டுகின்றன. பிறருக்கு விளங்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். இன்றைய சொற்களில் பெரும்பாலானவை இருக்கும் சொல்லையே இடம் மாற்றி வைப்பவை: மழுங்கிய முனையைக் குறித்த ‘மொக்கை’ சலிப்பூட்டும் பேச்சுக்கு ஆயிற்று, மரம் பிளப்போரின் ‘ஆப்பு’ பிறரைக் கவிழ்க்கும் செயலுக்கு ஆயிற்று. ‘கடலை போடு’, ‘பீட்டர் விடு’, ‘அல்வா கொடு’, ‘ஆப்பு வை’ ஆகியவற்றைப் பாருங்கள். பெயர் எதுவாயினும், போடு, விடு, கொடு, வை போன்ற எளிய வினையோடு ஒட்டிக்கொள்கிறது. புதுச்சொல் புனைய விரும்புவோர் இந்த ஒட்டுதலைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஒட்டாத சொல் நண்பர் குழுவைத் தாண்டுவது அரிது.

‘உங்கள் ஊரில் என்னென்ன சொல்வீர்கள்?’ என்று நேரடியாகக் கேட்டால், கேட்பவருக்குப் பிடித்தமானதே பதிலாக வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாள் தடைக்காலத்தில், கரையில் வலையைச் சரிசெய்துகொண்டே பேசிக்கொள்வோரின் அருகில், அவர்கள் இசைவோடு உட்கார்ந்திருப்பது நூறு கேள்விகளைவிடப் பயன் தரும். காதில் விழுந்ததை வாக்கியத்தோடு, ஒலி மாறாமல், அன்றே எழுதிவிட வேண்டும். வாக்கியமில்லாத சொல்லாக இருந்தால், பின்னாளில் அதற்கு எந்தப் பொருளும் எழுதலாம். அதுவே அதன் ஆபத்து.

‘பாடு’ என்பதை எடுத்துக்கொள்வோம். “இன்னைக்குப் பாடு இல்ல” என்று மீனவர் சொன்னால், ‘வலையில் அகப்படும் மீன், அதனால் வரும் வருவாய்’ என்று எழுதினால் போதும். தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்த மாணவன் அதையே சொன்னான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டாம் எண்ணிட்டு, ‘முயற்சிக்குக் கிடைக்கும் பலன்; எதிர்மறையில் வரும்; ஒத்த வயதினரிடையே, கேலியாக’ என்று எழுத வேண்டும். எழுதிய பொருளைச் சொல்லின் இடத்தில் வைத்து வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். செய்தி அப்படியே இருந்து சிரிப்பு மட்டும் காணாமற்போனால், தொனி பற்றிய குறிப்பு போதவில்லை என்று கொள்ளலாம்.

யார், யாரிடம் சொல்கிறார் என்பதும் பொருளின் ஒரு பகுதியே. கீழக்கரை முஸ்லிம் குடும்பங்களில் ‘காக்கா’ என்பது அண்ணனை அழைக்கும் மரியாதைச் சொல். பிற இடங்களில் அது பறவை. ‘காக்கா பிடித்தல்’ என்றாலோ முகத்துதி. இம்மூன்றையும் ஒரே பதிவில் அடைப்பவர் ஒரு குடும்பத்து அண்ணனையே கேலிப்பொருளாக்கிவிடுவார். கடைசியதைக் ‘கால் கை பிடித்தல்’ என்பதன் மரூஉ என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் பழைய எழுத்துச் சான்று கையில் இல்லாத எந்தப் பிறப்புக் கதையையும் ‘என்பர்’ என்ற அளவில் நிறுத்துவதே முறை. அழகான கதைகளில்தான் எனக்கு ஐயம் அதிகம்.

சாதியையோ உடற்குறையையோ இழிவுபடுத்தும் சொற்களை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘வசை’ என்ற குறிப்பு பொருளுக்கு முன்னால் வர வேண்டும், அதற்கு எடுத்துக்காட்டு வாக்கியமும் வேண்டாம். சொன்னவரின் பெயரை எழுதாமல் ஊர், ஏறத்தாழ வயது, கேட்ட ஆண்டு ஆகியவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் கழித்து அதே ஊரின் பள்ளி மாணவர்களிடம் வாக்கியத்தைப் படித்துக் காட்டும்போது அவர்களுக்கு விளங்கவில்லையென்றால், பதிவை நீக்காமல், ‘வழக்கு அருகியது’ என்று அந்த ஆண்டையும் சேர்த்து எழுதிவிடலாம்.