பகல் நேரப் பாட்டு சேனல்: வீட்டில் பூட்டுவதும் முறைப்படி புகார் செய்வதும்

பள்ளி விட்டு வந்த பிள்ளை மாலை நான்கரை மணிக்கு டிவியைப் போடுகிறது. ஆடுபவளின் முகத்தை விட்டுவிட்டு இடுப்பையும் மார்பையும் மட்டும் துரத்தும் கேமராவோடு ஒரு குத்துப்பாட்டு ஓடுகிறது. இதைப் பகலில் கட்டுப்படுத்தலாமா என்று பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், 1994இல் 6ஆவது விதி அதற்குப் பதில் சொல்கிறது. பிள்ளைகளுக்கு ஒவ்வாத நிகழ்ச்சிகளை, பிள்ளைகள் மிக அதிகமாகப் பார்க்கும் நேரத்தில் காட்டக் கூடாது என்பது 6(5). பாட்டைத் தடை செய்யச் சொல்லி எழுதும் புகார் கருத்துச் சுதந்திர விவாதத்தில் சிக்கிக்கொள்ளும். நேரத்தை மாற்றச் சொல்லும் புகாருக்கு சேனல் நேரடியாகப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் கேட்க வேண்டியது நேரத்தைத்தான்.

முதலில் வீடு

செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் மெனுவுக்குப் போய், செட்டிங்ஸ் பகுதியில் 'பேரன்டல் கண்ட்ரோல்' அல்லது 'சேனல் லாக்' என்பதைத் தேடுங்கள். பின் எண் கேட்கும். கம்பெனி போட்டுத் தரும் எண் பெரும்பாலும் 0000 அல்லது 1234. அதை முதலில் மாற்றுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இந்த இரண்டு எண்களும் தெரியும்.

பல பெட்டிகளில் இரண்டு வகைப் பூட்டு இருக்கும்: வயதுப் பூட்டு, சேனல் பூட்டு. பாட்டு சேனலுக்கு வயதுப் பூட்டு உதவாது. இரண்டு மணி நேரப் பாட்டுத் தொகுப்பு பெட்டிக்கு ஒரே நிகழ்ச்சியாகத்தான் தெரியும். நடுவில் வரும் ஒரு பாட்டுக்கென்று தனி வயதுக் குறியீடு கிடையாது. அதனால் சேனலையே பூட்டுங்கள். பூட்டிய பிறகு எண்ணை நேரடியாக அழுத்தியும், மேல்-கீழ் பொத்தானில் நகர்த்தியும் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டும் ஒருமுறை சோதியுங்கள். மென்பொருள் புதுப்பித்தலுக்கும் ரீசெட்டுக்கும் பிறகு பூட்டு காணாமல் போவது உண்டு. சேனல் எண் மாறினாலும் இதே கதைதான். மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டைவிட உறுதியான வழி, அந்தச் சேனலையே எடுத்துவிடுவது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை 2019இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். தொகுப்புக்குள் இருக்கும் ஒரு சேனலை மட்டும் உருவ முடியாது. தொகுப்பை விட்டுவிட்டு, வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மாதக் கட்டணம் ஏறுமா இறங்குமா என்பதை ஆபரேட்டரிடம் கணக்குப் போட்டுக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

ஸ்மார்ட் டிவி உள்ள வீட்டில் இவ்வளவும் பாதி வேலைதான். பெட்டியின் பூட்டு யூடியூபைத் தொடாது. யூடியூப் செட்டிங்ஸில் உள்ள 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' சினிமாப் பாட்டுகள் எல்லாவற்றையும் வடிகட்டாது. அதை மட்டும் நம்பாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸில், பெற்றோர் அனுமதித்த வீடியோக்கள் மட்டும் வரும்படி அமைத்துவிடுவது நல்லது.

புகாருக்கு என்னென்ன வேண்டும்

புகார்கள் தோற்பது பெரும்பாலும் 'ஆபாசமாக இருக்கிறது' என்ற ஒற்றை வரியால்தான். அது அபிப்பிராயம், அதற்கு மறுப்பு எழுதுவது சேனலுக்கு மிகச் சுலபம். ஒரு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: சேனல், நிகழ்ச்சியின் பெயர், தேதி, பாட்டு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பாட்டின் முதல் வரி, படம். ஒரு தடவை வந்ததைக் 'கவனக்குறைவு' என்று சொல்லித் தப்பிக்கலாம். ஒரே வாரத்தில் மாலை 4 முதல் 8 மணிக்குள் மூன்று தடவை வந்தால், அந்த நேரத்துக்கென்றே அட்டவணை போட்டிருக்கிறார்கள் என்று காட்டிவிடலாம்.

காட்சியை எண்ணி எழுதுங்கள். 'மாலை 5.12க்குத் தொடங்கிய பாட்டில், முதல் 40 விநாடிகளில் முகம் தெரியாத உடல் க்ளோசப் ஏழு முறை வருகிறது' என்பது போல. சேனலின் லோகோவும் முழுத் திரையும் தெரியும்படி செல்பேசியில் 30 விநாடி எடுத்தால் போதும். அந்தத் துண்டை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பாதீர்கள். பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்ததை நீங்களே பரப்பியதாகிவிடும். வீட்டுப் பிள்ளை அதில் தெரியாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சான்றிதழ். அதே கேபிள் விதிகளில் 2006இல் வந்த திருத்தத்தின்படி சினிமாப் பாட்டு, டிரெய்லர், மியூசிக் வீடியோ, ஆல்பம் எதுவானாலும், தடையற்ற பொதுக் காட்சிக்கு ஏற்றது என்ற தணிக்கைச் சான்று இல்லாமல் கேபிளில் காட்டக் கூடாது. படத்தில் இல்லாத தனி ஆல்பம் பாட்டுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே 'இந்தப் பாட்டின் சான்றிதழ் எண் என்ன?' என்ற கேள்வி ஒவ்வொரு புகாரிலும் இருக்கட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. யு/ஏ படத்தின் பாட்டு என்பதாலேயே அது விதிமீறல் ஆகிவிடாது. 2023இல் வந்த சினிமா தணிக்கைத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று பிரிந்திருக்கிறது. 16+ படத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகலாமா என்று பெற்றவர்கள் யோசித்து முடிவு செய்கிறார்கள். அதே படத்தின் பாட்டைத் தனியே வெட்டி மாலை ஐந்து மணிக்குப் போடும்போது முடிவு செய்ய யாருமே இல்லை. இந்த வாதத்தை 6(5)உடன் சேர்த்து எழுதுங்கள். பெண்ணின் உடலை இழிவாகக் காட்டுவதைத் தடுப்பது 6(1)(k). இரண்டையும் எண்ணோடு குறிப்பிடுங்கள்.

6(5)இல் எந்த மணி முதல் எந்த மணி வரை என்று இல்லை. சேனல் பிடித்துக்கொள்ளும் ஓட்டை இதுதான். அதை நீங்களே அடைத்துவிடுங்கள்: பள்ளி விடும் நேரம், சனி ஞாயிறு, ஏப்ரல்-மே விடுமுறை என்று, ஒளிபரப்பான நேரம் எதில் விழுகிறது என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். ஒளிபரப்பாளர் சங்கம் 2011இல் வகுத்த நெறிமுறையிலேயே, கட்டுப்படுத்தப்பட்ட வகை நிகழ்ச்சிகளுக்கு இரவு 11 முதல் காலை 5 வரை என்று இருக்கிறது. கடைசி வரியில் 'இந்தப் பாட்டை அந்த நேரத்துக்கு மாற்றுங்கள்' என்று கேளுங்கள்.

எங்கே அனுப்புவது

அந்தச் சேனல் டிடிஎச்சிலும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது செயற்கைக்கோள் சேனல். 2021 ஜூனில் வந்த திருத்த விதிகளின்படி முதல் படி அந்தச் சேனலின் குறைதீர்ப்பு அலுவலர். அவருடைய தொடர்பு விவரம் சேனலின் இணையதளத்தில் இருக்க வேண்டும். புகாரைப் பெற்ற 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை, 15 நாளுக்குள் முடிவு. பதில் வரவில்லை அல்லது திருப்தி இல்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள், அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் (சேனல்கள் தங்களைத் தாங்களே கண்காணிக்க அமைத்துக்கொண்டது) மேல்முறையீடு. அதற்கு 60 நாள். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் 15 நாளுக்குள் மத்திய அரசின் கண்காணிப்பு அமைப்பிடம் போகலாம். பலர் கோட்டை விடுவது இந்த 15 நாள் கெடுவைத்தான். ஒப்புகை வந்த அன்றே நாட்காட்டியில் மூன்று தேதிகளையும் குறித்துவிடுங்கள். மேல்முறையீடு டெல்லிக்குப் போகும் என்றால் பாட்டு வரிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். கொச்சை வரியின் இரட்டை அர்த்தம் தமிழ் தெரியாதவருக்குப் புரியாது.

டிடிஎச்சில் இல்லாமல் ஊர் கேபிளில் மட்டும் ஓடினால் அது ஆபரேட்டரின் உள்ளூர் சேனல். சான்றிதழைப் பற்றிய அக்கறை மிகக் குறைவாக இருப்பதும் இங்கேதான். முதலில் ஆபரேட்டரிடம் நேரில் சொல்லுங்கள். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனால் பெரும்பாலும் அன்றே மாறிவிடும். மாறாவிட்டால் ஆட்சியர் அலுவலகம். 1995 கேபிள் சட்டத்தின் 19ஆவது பிரிவில் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், மாநகரக் காவல் ஆணையர் ஆகியோருக்கு அந்த நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து, அதை மாவட்டக் கேபிள் கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்பும்படி மனுவிலேயே எழுதிக் கேளுங்கள். மகளிர் கல்லூரி முதல்வர், குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனப் பிரதிநிதி போன்றோருக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு.

புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். செயற்கைக்கோள் சேனல் தான் ஒளிபரப்பியதை 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். அதற்குள் 'இந்தத் தேதிப் பதிவை அழிக்காமல் வையுங்கள்' என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.