வீட்டு மிளகாய்: காற்று, பேன், காரம்

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, கோவை, பொள்ளாச்சிப் பக்கத்து மிளகாய்ச் செடிகளைப் பூவும் பிஞ்சுமாக உலுக்கிவிடும். குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். தொட்டியானால் சுவரோரம் நகர்த்திவிடுங்கள்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். மேலாகத் தெளிப்பது வெறும் சடங்கு.

பழத்தைக் காம்போடு பறித்துக் காய வையுங்கள். காம்பு கழன்ற இடத்தில்தான் பூசணம் நுழையும். காதருகே ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும், அதுதான் பதம்.

பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரமிளகாயைக் கிள்ளித் தட்டி விதையை உதிர்த்துவிட்டுப் போடுவார்கள். ஆனால் காரம் அதிகம் இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெளிர் நரம்பில்! காரம் ஆகாதவர்கள் அதையும் சுரண்டி எடுத்துவிடலாம். கை எரிந்தால் வெறும் தண்ணீர் உதவாது. தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.