பள்ளி முடித்த பிள்ளையோடு ஐரோப்பா: குடும்பப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

மகள் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு நாங்கள் நாலு பேரும் ஐரோப்பா போய் வந்தோம். அவளுக்கு 17, தம்பிக்கு 15. பதினான்கு இரவுகள், நாலு நாடுகள், ஐந்து ஊர்கள். ஷெங்கன் விசா (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவுவது) தேவைப்படும் பாஸ்போர்ட்டோடு முதல் முறை போகும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டி கட்டுவது, பணம் மாற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: ஊரைக் கேட்காதீர்கள், ஆசையைக் கேளுங்கள்

"எந்த ஊருக்குப் போகலாம்?" என்று கேட்டால் பதினைந்து ஊர்ப் பெயர் வரும். நாங்கள் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, "இதைப் பார்க்காமல் திரும்பினால் மனசு ஆறாது என்கிற ஒன்றே ஒன்றை எழுதுங்கள்" என்றோம். மகள், ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஆன் ஃபிராங்க் வீடு (நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமியின் மறைவிடம்) என்று எழுதினாள். பையன், ரோமில் உள்ள பழைய அரங்கமான கொலோசியம். கணவர், சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் பக்கத்து ரீகி மலைக்கு ஏறும் பல்சக்கர ரயில். நான், பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம்.

நாலையும் வரைபடத்தில் குறித்து, வழியில் வரும் ஃபிளாரன்ஸையும் சேர்த்தபோது வடக்கிலிருந்து தெற்கே ஒரே கோடு விழுந்தது: ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், லூசெர்ன், ஃபிளாரன்ஸ், ரோம். விமானத்தை ஆம்ஸ்டர்டாமில் இறங்கி ரோமில் ஏறுவதுபோலப் போடுங்கள். தேடும்போது 'மல்டி சிட்டி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இறங்கிய ஊருக்கே திரும்பி வந்து ஏறினால் ஒரு முழு நாள் வீணாகும்.

பையன் லண்டனும் வேண்டும் என்றான். பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லை, அதற்குத் தனி விசா. இந்தப் பயணத்தில் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தோம்.

படி 2: எந்த நாட்டிடம் விசா கேட்பது?

நாங்கள் இடறியது இங்கேதான். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள் கணக்கு சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாட்டிடம். விதி இவ்வளவுதான். எங்கள் இரவுகள்: ஆம்ஸ்டர்டாம் 3, பாரிஸ் 4, லூசெர்ன் 2, ஃபிளாரன்ஸ் 2, ரோம் 3. பாரிஸில்தானே அதிகம் என்று பிரான்ஸுக்கு அப்பாயின்ட்மென்ட் எடுத்து, நாலு பேரின் ஃபைலோடு போய் உட்கார்ந்தோம். கவுன்டரில் இருந்தவர் ஹோட்டல் புக்கிங் தாள்களைப் புரட்டி, பேனா முனையால் ஒவ்வொரு தேதியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கடைசித் தாளில் நிறுத்தி, "இத்தாலி ஐந்து இரவு வருகிறதே அம்மா" என்றார். நான் ஊரை எண்ணியிருந்தேன். அவர் நாட்டை எண்ணினார். ஃபிளாரன்ஸும் ரோமும் சேர்ந்தால் ஐந்து. ஃபைல் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. இத்தாலிக்கு மறுபடி தேதி கிடைக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை.

ஆகவே அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்னால் ஒரு தாளில் நாட்டுவாரியாக இரவுகளைக் கூட்டி எழுதுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு, பயணத்துக்கு 15 நாள் முன்பு. கோடைப் பயணம் என்றால் முடிந்தவரை சீக்கிரம் போங்கள். கட்டணம் 90 யூரோ. பாதிக் கட்டணம் 6 முதல் 11 வயது வரைதான், டீனேஜ் பிள்ளைகளுக்கு முழுக் கட்டணம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எடுத்துப் பத்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகும் என்பதால் முதலில் அதை எடுத்துப் பாருங்கள்.

விசா கையில் வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளை மட்டும் புக் செய்யுங்கள்.

படி 3: ரயில்

'யூரெயில் பாஸ் வாங்கு' என்று எல்லோரும் சொல்வார்கள். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கும் சேர்த்து ஒரே பாஸ் அது. நாலைந்து நீண்ட பயணம் மட்டும் என்றால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆம்ஸ்டர்டாம்–பாரிஸ் யூரோஸ்டார், பாரிஸிலிருந்து சுவிஸ் எல்லை ஊரான பாசெலுக்குப் போகும் டிஜிவி அதிவேக ரயில், இத்தாலியின் அதிவேக ரயில்கள் எல்லாவற்றிலும் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அந்தந்த ரயில் நிறுவனத்தின் தளத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுப்பதுதான் என் வழி. நேரம் பார்க்க டிபி நேவிகேட்டர் செயலி போதும். ஜெர்மன் ரயில்வேயினுடையது, ஆனால் பக்கத்து நாட்டு ரயில்களையும் காட்டும்.

சுவிட்சர்லாந்தில் மட்டும் பாஸ் எடுத்தோம். மூன்று நாள் சுவிஸ் டிராவல் பாஸில் ரயில், ஏரிப் படகு, ரீகி மலை ரயில் எல்லாம் அடக்கம். பெற்றோரிடம் அந்தப் பாஸ் இருந்தால் 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசம். பாஸ் வாங்கும்போதே கேளுங்கள். பையனுக்குக் கட்டணமே இல்லை. மகளுக்கு இளையோர் கட்டணம். லூசெர்னில் படகேறி விட்ஸ்னாவில் இறங்கினால் கரையிலேயே ரயில் நிற்கிறது. 1871இல் தொடங்கிய பாதை, ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். கணவர் மேலே போகும்வரை ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

படி 4: டிக்கெட் நாள்காட்டி

ஒவ்வோர் இடமும் தன் டிக்கெட்டை ஒவ்வொரு நாளில் திறக்கிறது. ஈஃபில் கோபுர லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு. கொலோசியம் 30 நாள் முன்பு. ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு ஆன்லைனில் மட்டும்தான். ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் கழித்து வரும் வாரத்துக்கான டிக்கெட்டுகளை வெளியிடுகிறார்கள். எங்கள் செவ்வாயன்று மகளே லேப்டாப் முன் உட்கார்ந்து வாங்கினாள். அவள் ஆசைக்கு அவளே பொறுப்பேற்றது எனக்குப் பெரிய நிம்மதி. போனில் அலாரம் வைப்பதைவிட, குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டிய தாள் நாட்காட்டியே நாலு பேர் கண்ணிலும் படும்.

விடுமுறை நாளையும் அதே தாளில் குறியுங்கள்: லூவ்ர் செவ்வாயன்று கிடையாது, பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகமும் ஃபிளாரன்ஸின் உஃபிஸி ஓவியக்கூடமும் திங்களன்று கிடையாது.

அப்புறம் 18 வயது. லூவ்ர், உஃபிஸி, கொலோசியம் எல்லாவற்றிலும் 18க்குக் கீழ் நுழைவு இலவசம். பள்ளி முடிக்கும் பிள்ளைகள் சரியாக அந்த விளிம்பில்தான் நிற்பார்கள். எங்கள் மகளுக்கு 18 ஆக இரண்டு மாதம் இருந்தது. இலவசம் என்றாலும் நேரத்தைப் பதிவு செய்துவிட்டு, வயதைக் காட்டப் பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள்.

படி 5: சேர்ந்து போய்ப் பிரிந்து நடப்பது

அறைக்கு ஒரே ஒரு சொல்: புக் செய்யும் முன் லிஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் கிடையாது.

ஒவ்வொரு நாளும் காலை ஒரு வேலை மட்டும் வைத்தோம். மாலை பிள்ளைகளுக்கு. அவர்கள் எங்களைவிட இரண்டு மணி நேரம் தாமதமாக எழுவார்கள், எங்களைவிட இரண்டு மடங்கு நடப்பார்கள். இந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டால் பாதிச் சண்டை வராது. ஈஃபில் கோபுரத்தில் இரண்டாம் தளம் வரை 674 படி. பிள்ளைகள் இருவரும் படியேறினார்கள். கணவருக்கு முழங்கால் வலி என்பதால் நாங்கள் கீழே புல்வெளியில் உட்கார்ந்தோம். எந்த மரத்தடியில், எத்தனை மணிக்கு என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பையன் சட்டையெல்லாம் நனைந்து இறங்கி வந்தான். போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கி, "இந்த ரெண்டு புள்ளிதான் நீயும் அப்பாவும்" என்று காட்டினான். பயணத்தில் எடுத்த படங்களில் அதைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்த ஒருவர் கேட்டது: "அப்பாவுக்கு விடுப்பு இல்லை, அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் போகலாமா?" போகலாம். 18 வயது நிறையாத பிள்ளைக்கு, உடன் வராத பெற்றோரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். அதன் வடிவம் நாட்டுக்கு நாடு மாறும். தூதரகத்தின் ஆவணப் பட்டியலைப் பார்த்துத் தயார் செய்யுங்கள். பயணத்திலும் ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

இன்னொருவர் கொலோசியம் டிக்கெட்டில் மகனை வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டுவிட்டார். அது பெயர் பதிந்த டிக்கெட். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதில், விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் மின்பதிவு முறை வரத் தொடங்கியது. இடையில் வேறொரு ஷெங்கன் நாட்டில் விமானம் மாறினால், இந்தச் சோதனை அங்கேயே நடக்கும், கடைசி ஊரில் அல்ல. இணைப்பு விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று மலிவாக ஒரு டிக்கெட் கண்ணில் பட்டால், நாலு பேரும் வரிசையில் நிற்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு விலையைப் பாருங்கள். நான் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக எடுக்க மாட்டேன்.