ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் நின்றுவிட்டால் செய்யக் கூடாதவை

வேலைக்கு நடுவில் டிராக்டர் நின்றதும் கை தானாகச் சாவிக்குத்தான் போகும். செல்ஃப் அடிப்போம், எடுக்காது. மறுபடி அடிப்போம். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. செல்ஃப் மோட்டாரை ஒரு தடவைக்கு 10, 15 விநாடிக்கு மேல் சுற்ற விடக் கூடாது, அடுத்த தடவைக்கு முன் 2 நிமிடமாவது ஆறவிட வேண்டும். இல்லையென்றால் டீசல் கோளாறோடு பேட்டரி கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

அதற்குப் பதில், வண்டி எப்படி நின்றது என்று யோசித்துப் பாருங்கள். இழுவை குறைந்து, விட்டுவிட்டு ஓடி நின்றதா? அநேகமாக டீசல் வரத்தில்தான் குறை. படக்கென்று அணைந்ததா? ஸ்டாப் சொலினாய்டு (டீசலை நிறுத்தி இன்ஜினை அணைக்கும் மின் வால்வு), அதற்குப் போகும் ஒயர், ஃபியூஸ் இவற்றைப் பாருங்கள். பழைய வண்டியில் ஸ்டாப் கேபிள் இழுத்த நிலையிலேயே சிக்கியிருக்கலாம். சூடேறியோ வேறு சத்தம் கொடுத்தோ நின்றிருந்தால் செல்ஃப் பக்கமே போகாமல் ஆயிலையும், ஆறிய பிறகு ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள்.

செல்ஃப் சுற்றும்போது சைலன்சரையும் கவனிக்க வேண்டும். புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை.

டேங்கில் டீசல் இருப்பதைப் பார்த்துவிட்டு வரத்து சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. டேங்க் மூடியில் காற்று போகும் சிறு துளை அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. சிறிது நேரம் ஓடி நிற்கும், சும்மா விட்டால் மறுபடி எடுக்கும். மூடியைத் திறக்கும்போது காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் காரணம் தெரிந்துவிட்டது. டேங்க் அடியிலுள்ள வலையில் சேரும் அழுக்கும் இதே மாதிரிதான் ஏமாற்றும்.

சரி, டீசல் ஃபில்டரை மாற்றியாயிற்று, அப்படியும் எடுக்கவில்லையா? ஏர் எடுத்தீர்களா, அதாவது டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றினீர்களா என்பதுதான் கேள்வி. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில், பழைய வகையில், திறக்கவே சுமார் 200 பார் அழுத்தம் வேண்டும். பைப்பில் காற்று இருந்தால், நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்ப் தள்ளத் தள்ள அது சுருங்குமே தவிர, அந்த அழுத்தம் ஏறாது. முதலில் ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஹேண்ட் பிரைமரை (கையால் அடிக்கும் சிறு பம்ப்) அடித்து மூடுங்கள். அப்புறம் பம்ப், கடைசியில்தான் நாசில் பைப் நட். வரிசையை மாற்றினால் காற்று மறுபடி உள்ளே வரும். பழைய வாஷரையே திரும்பப் போடுவதும் வேண்டாம்.

எவ்வளவு எடுத்தாலும் ஏர் வந்துகொண்டே இருந்தால், பலரும் டீசல் ஒழுகும் இடத்தைத் தேடுவார்கள். ஆனால் டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஹோஸில் விரிசல் இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் இருக்கலாம். காய்ந்த ஹோஸையும் தளர்ந்த கிளாம்பையும் மாற்றிப் பாருங்கள்.

காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் புதிய வகை) நாசில் பைப்பைத் தளர்த்தவே கூடாது. அதில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். எந்த இன்ஜினாக இருந்தாலும் பீய்ச்சும் டீசலைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போல்தான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம்.

எளிதில் தீப்பற்றும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயைக் காற்று போகும் வழியில் அடிப்பதும் வேண்டாம். இப்போதுதான் ஓடி நின்ற சூடான இன்ஜினுக்கு அது எதற்கு? ஸ்டார்ட் செய்யும்போது சூடேற்றும் குளோ பிளக்கோ ஏர் ஹீட்டரோ உள்ள இன்ஜினில் அது வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம்.

இதைவிடக் கொடியது, கீழே நின்றுகொண்டு ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃபை ஷார்ட் செய்வது. நியூட்ரல் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் எல்லாவற்றையும் அது தாண்டிவிடும். வண்டி கியரில் இருந்தால் எடுத்த நொடியே நகரும், பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்பவரால் விலக முடியாது. இப்படி உயிர் போனவர்கள் பலர். இருக்கையில் உட்கார்ந்து மட்டுமே செல்ஃப் அடியுங்கள்.

கடைசியாக இன்ஜெக்‌ஷன் பம்ப். சூடானால் எடுக்காமல் ஆறினால் எடுக்கும் வண்டியில் தேய்ந்த பம்ப்பும் காரணமாக இருக்கலாம். அதற்காகச் சூடான பம்ப் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், உள்ளே இறுகிப்போகலாம். கழற்றும் முன் ஒரு சோதனை செய்யலாம்: சுத்தமான டீசல் கேனை உயரத்தில் வைத்து, ஹோஸை நேராக ஃபீட் பம்ப்பில் மாட்டி, ஏர் எடுத்து ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் இன்ஜெக்‌ஷன் பம்ப்பில் குறையில்லை, டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள வழியில்தான் தேட வேண்டும்.